நீ கொடுத்த செம்புக் கம்பி

என்னோடு கூடப் பிறந்துவிட்ட தங்கைக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே உன் அத்தானின் முழங்கால் தவிர எல்லாம் நலம். உன் வீட்டில் எல்லோரும் நலமாகத்தான் இருப்பீர்கள், உங்களுக்கென்ன.

நீ கம்பி கொடுத்த அன்றைக்கு உன் பால்கனியில் இருந்தவர்கள்: நீ, உன் வீட்டுக்காரர், உன் மருமகள், கண்காட்சி நடத்துகிற செடிக்கடைக்காரர், உன் அத்தான், நான். சின்ன வயதில் என் சிவப்பு ரிப்பனை எடுத்துவிட்டுப் பேச்சை மாற்றினாயே, அதுபோல் இதையும் மாற்றுவாய் என்றுதான் ஆள் ஆளாக எழுதுகிறேன். நம் இரண்டு பேர் தொட்டியிலும் இருப்பது ஒரே அத்திமரத்தில் வெட்டி நட்ட குச்சிதான். ஆனால் போன்சாய்க் குட்டைமரக் கண்காட்சி வந்தால் உன் மரம் நடுமேசையில், என் மரம் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில். அன்றும் செடிக்கடைக்காரர் உன் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார், என் மரத்துக்குத் தண்ணீரைக் குறைக்கச் சொன்னார், அவ்வளவுதான். இந்த வருஷம் நடுமேசை எனக்கு என்று மனசுக்குள் முடிவு கட்டித்தான் வாயைத் திறந்து உன்னிடம் கிளையை வளைத்துக் கட்டக் கம்பி கேட்டேன். நீயும் கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு இருக்கிற செம்புக் கம்பியாகத் தேடி எடுத்து, இளகி வளையட்டும் என்று அடுப்பில் மங்கின சிவப்பாகும்வரை காட்டி, ஆறவைத்து வளையமாகக் கொடுத்தாய். கொடுத்ததோடு விட்டாயா? எல்லோர் முன்னாலும், "கிளையில சுத்துற வரைக்கும் இதைத் தொடாதேக்கா" என்றாய். என் கையில் என்ன சேறா இருக்கிறது? வீட்டுக்கு வந்ததும் வேண்டுமென்றே தொட்டேன். நீட்டினேன், சப்பாத்திக் கட்டையால் உருட்டி நிமிர்த்தினேன், உன்னுடையதைவிட அழகான வளையமாகச் சுற்றி வைத்தேன். மறுநாள் கிளையில் சுற்றினால் வளைய மாட்டேன் என்கிறது, கொஞ்சம் அழுத்தினேன், படக்கென்று கிளை முறிந்து கையோடு வந்துவிட்டது. அந்த மரத்திலேயே தடித்த கிளை அது. வேகாத கம்பியை எனக்குக் கொடுத்துவிட்டு வெந்ததை நீ வைத்துக்கொண்டாய், அதுதானே? நடுமேசை கைமாறிவிடுமோ என்று உனக்கு வயிற்றெரிச்சல். எனக்கு அந்தப் புத்தியெல்லாம் கிடையாது.

மூத்தவளாகிவிட்டேன், ஆசீர்வாதம் சொல்லித்தான் ஆக வேண்டும். நன்றாக இரு. உன் மருமகளை விசாரித்ததாகச் சொல், அவள் என்ன பாவம் செய்தாள்.

இப்படிக்கு,
அக்கா

பின்குறிப்பு: இதை ஒட்டுவதற்குள் செடிக்கடைக்காரர் வந்துவிட்டார். சுட்ட செம்பை வளைக்க வளைக்க அது மறுபடி விறைத்துக்கொள்ளுமாம், நான் உருட்டினதுதான் தப்பாம். மேலே எழுதியதை அடிக்கலாம், ஆனால் கையெழுத்து நன்றாக வந்திருக்கிறது, அப்படியே இருக்கட்டும். பிறகு முறிந்த மரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இப்போதுதான் இதற்கு ஒரு வடிவம் வந்திருக்கிறது, இந்த வருஷம் நடுமேசை இதற்குத்தான் என்றார். நான் சந்தோஷத்தில் ஒரு வாய் காபிகூடக் குடிக்கவில்லை, அதற்குள் உன் அத்தான் பேப்பருக்குப் பின்னாலிருந்து சொல்கிறார்: "உன் தங்கச்சி போன வருஷமே சொன்னா, அந்தக் கிளையை எடுத்துட்டா அக்கா மரம்தான் ஜெயிக்கும்னு. உன்கிட்ட சொல்ல எனக்குத்தான் தைரியம் வரல."

உன்னை மன்னித்தாயிற்று, கண்காட்சிக்கு நேரத்தோடு வந்து சேர். ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டேன், உன் அத்தானை.