ரஷ்யா அட்டி

கம்ப்யூட்டர் அறையில் இருந்தவர்கள்: ஆபரேட்டர் பிரிட்டோ, நாற்காலியில். முதலாளி வெங்கடேசன், அவன் முதுகுக்குப் பின்னால். டிரைவர் அய்யனார், முதலாளியின் ஃபிளாஸ்க்கோடு வாசலில். மூவரும் வெறுங்கால். அந்த அறைக்குள் செருப்பு கூடாது என்று சட்டம் போட்டதே முதலாளிதான். அதனால் அவர் வந்த சத்தம் பிரிட்டோவுக்குக் கேட்கவில்லை.

திரையில் கட்டங்கள் விழுந்துகொண்டிருந்தன.

"இன்னாடா இது?"

மாஸ்கோவில் ஒருவர் ஆபீஸ் கம்ப்யூட்டரில் செய்த, விழும் கட்டங்களை இடைவெளியில்லாமல் அடுக்கும் விளையாட்டு அது. ஃபிளாப்பியில் காப்பிக்குக் காப்பியாக நாடு நாடாகப் போனது. செய்தவருக்குப் பல வருஷம் காசு வரவில்லை. சேலத்தில் கம்ப்யூட்டர் படித்த இடத்திலிருந்து பிரிட்டோ ஒரு காப்பி கொண்டுவந்திருந்தான். இதையெல்லாம் சொன்னால் வேலை போய்விடும். இன்னும் நிரந்தரமாகாத வேலை.

"மூட்டை அடுக்கற கணக்கு, சார். கெடங்குல எடம் வீணாவாம அடுக்கறதுக்கு."

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் மரங்களை வெட்டிச் சாலை முழுக்கப் போட்டிருந்தார்கள். சின்னசேலத்துச் சேகோ ஆலையிலிருந்து ஒரு லாரியும் நகரவில்லை. முன்பே வெள்ளிமலையிலிருந்து இறங்கிவிட்ட மரவள்ளிக் கிழங்கை அழுகவிட முடியாது. ஜவ்வரிசியாக்கி மூட்டை பிடித்துக்கொண்டே இருந்தார்கள். பொய் நன்றாகவே பொருந்தியது.

"வரிசை நெறைஞ்சதும் காணாம போவுதே?"

"லாரில ஏத்தியாச்சுன்னு அர்த்தம், சார்."

"லாரிதான் ஓடலயே?"

"ஓடும்போதுங்க, சார்."

முதலாளி சிரிக்கவில்லை. "நாளையிலேர்ந்து இதும்படி அடுக்கச் சொல்லு. நின்னுச்சுன்னா உன்ன பர்மனெண்ட் பண்றேன்."

கிடங்கில் மூட்டைகளை அட்டியாக அடுக்கும் மேஸ்திரி பிலிப்பு. ஆலைத் தொழிலாளர் சங்கத் தலைவர். பிரிட்டோவின் அப்பா. மகன் வரைந்து கொண்டுவந்த படத்தைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார்.

"மூட்டைய நட்டுக்கா நிக்க வெக்கணுமா? ரேஷன் கட கியூவாடா இது?"

"கம்ப்யூட்டர் சொல்லுதுப்பா."

"எந்த ஊரு கம்ப்யூட்டரு?"

"ரஷ்யாக் கணக்கு."

"ரஷ்யாவுல ஜவ்வரிசி துன்றானா?"

சுமைகாரர்கள் அதற்கு ரஷ்யா அட்டி என்று பேர் வைத்தார்கள். அது வளர்ந்து உத்தரத்தைத் தொட்டது. லேசாக ஆடவும் செய்தது. பிரிட்டோ ஒரு பக்கம் மூங்கில் முட்டுக் கொடுத்தான். அட்டி மறுபக்கம் சாய்ந்தது. அங்கேயும் கொடுத்தான். நடுவில் பிதுங்கியது.

"பிரிச்சிடலாம்டா," என்றார் பிலிப்பு.

"வேணாம்ப்பா. முதலாளி ஏன்னு கேப்பாரு. அது கணக்கே இல்ல. வெளையாட்டு. தெரிஞ்சா வூட்டுக்கு அனுப்பிடுவாரு."

பிலிப்பு மகனை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

முதலாளி பார்வையிட வந்தார். "இன்னா மேஸ்திரி, எப்டி நிக்கிது?"

"நல்லா நிக்கிதுங்க."

அப்போதுதான் முதல் மூட்டை இறங்கியது. மற்றவை அதைத் தனியே விடவில்லை.

யாருக்கும் அடியில்லை. முழங்கால் வரை ஜவ்வரிசி. வெளியே ஓடப் பார்த்த முதலாளி வழுக்கி உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். தூக்கிவிடப் போன சுமைகாரரும் பக்கத்தில் உட்கார்ந்தார். யாரும் சிரிக்கத் துணியவில்லை.

உட்கார்ந்தபடியே முதலாளி கேட்டார்: "கணக்கு தப்பா, பிரிட்டோ?"

பிரிட்டோ வாய் திறப்பதற்குள் பிலிப்பு முன்னால் வந்தார். "கணக்கு சரிங்க. நாந்தான் மாத்தி அடுக்கிட்டேன்."

"எல்லாரும் கேட்டுக்கினீங்களா? அவரு வாயாலயே சொல்லிட்டாரு."

மாலையில் பிலிப்பின் வேலை போனது. தானே ஒத்துக்கொண்ட ஆளுக்காகச் சங்கத்தாலும் பேச முடியவில்லை. பிரிட்டோ நிரந்தரமானான்.

வாட்ச்மேன் மறியலுக்குப் போயிருந்ததால் கேட்டைத் திறந்துவிட அய்யனார் வந்தார். பிலிப்பு துண்டை உதறினார். ஜவ்வரிசி உதிர்ந்தது. "வேலையப் பாரு," என்று மகனிடம் சொல்லிவிட்டு வெளியே நடந்தார்.

"அண்ணே, என்னால முடியல," என்றான் பிரிட்டோ. "அது வெறும் வெளையாட்டுண்ணே. நாந்தான் முதலாளிய ஏமாத்திட்டேன். இப்பவே போய்ச் சொல்லிடறேன்."

அய்யனார் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"யார ஏமாத்துன? அவரு வூட்டுக் கம்ப்யூட்டர் பொட்டில தெனமும் அதத்தான் ஆடிக்கினு கீறாரு. சங்கம் வெச்ச ஒங்கப்பன வெளிய தள்ள ரொம்ப நாளா வழி தேடுனாரு. நீதான் தம்பி குடுத்த."

சொல்லிக்கொண்டே கதவை இழுத்து, பிலிப்பின் முதுகுக்குப் பின்னால் பூட்டினார்.