இருமல் மருந்து லேபிளும் எங்கள் வீட்டுத் தறியும்

ஆரணி,
16-8-1981

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் ஜோசப்ராஜ் அவர்களுக்கு, உங்கள் தங்கை ரோஸியின் வீட்டுக்காரன் அடைக்கலசாமி எழுதிக்கொள்வது. இங்கு நானும் ரோஸியும் மகள் ஆரோக்கியசெல்வியும் மாதாவின் தயவால் சுகம். போளூரில் உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் தினமும் வேண்டிக்கொள்கிறோம். வேண்டுதலுக்குக் குறைவில்லை. வீட்டில் அமைதிக்குத்தான் குறைவு. அதற்குக் காரணம் நீங்கள் என்பதால், கோபித்துக்கொள்ளாமல் கடைசிவரை படிக்கவும்.

ஈஸ்டருக்கு நீங்கள் வந்திருந்தபோது, செல்விக்கு வேலூர் டெலிபோன் ஆபீஸில் ஆபரேட்டர் வேலைக்கு இன்டர்வியூ வரப்போகிறது, இங்கிலீஷ் வாசிக்கச் சொல்வார்கள், இந்தத் தடவை தவறினால் வயது வரம்பு தாண்டிவிடும் என்று ரோஸி கண்ணைக் கசக்கினாள். நீங்களும் பழைய இங்கிலீஷ் பேப்பர் ஒன்றைச் செல்வியிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னீர்கள். அவளும் ஜெபமாலை சொல்வதுபோல் எல்லாச் சொல்லையும் ஒரே எடையில் வைத்து ஒரே மூச்சில் வாசித்து முடித்தாள். "தப்பே இல்லம்மா. ஆனா ஒண்ணும் புரியல" என்றீர்கள். "சில வார்த்தைய அடிக்கணும், சிலத நழுவ விடணும். கையில எது கெடைக்குதோ அத சத்தமா படி. சண்ட போடற மாதிரி படி, ஏலம் வுடற மாதிரி படி, தாலாட்டற மாதிரி படி. வெளையாட்டா படி" என்று சொன்னீர்கள். பிறகு ஜல்தியாக பஸ் ஏறிப் போய்விட்டீர்கள். விளையாட்டு எங்கள் வீட்டில் தங்கிவிட்டது.

எங்கள் வீட்டில் இங்கிலீஷ் என்று இருந்ததெல்லாம் அந்தப் பேப்பரும் ஒரு இருமல் மருந்து பாட்டிலும்தான். பேப்பரில் ரோஸி முருங்கைக் கீரையைச் சுற்றிவிட்டாள். ஆகவே செல்வி பாட்டிலைப் பிடித்துக்கொண்டாள். முதலில் சண்டை. 'ஷேக் வெல் பிஃபோர் யூஸ்' என்று இடுப்பில் கைவைத்து வாசலைப் பார்த்து அவள் ஒரு போடு போட்டதும் எதிர்வீட்டு கெங்கம்மாள் குடத்தைக் கீழே வைத்துவிட்டாள். தன்னைத்தான் திட்டுகிறாள் என்று நினைத்துவிட்டாள், பாவம். "என்னடி சொன்ன? தைரியம் இருந்தா தமிள்ல சொல்லு" என்று அவள் தெருவில் நின்று கேட்க, செல்வி நிறுத்தாமல் வேளைக்கு எத்தனை ஸ்பூன் என்ற இடத்துக்கு வந்துவிட, நான் தறிக்குழியிலிருந்து ஏறி வந்து பாட்டிலைக் காட்டி, இது மருந்துதான், உன்னைச் சொன்னதல்ல என்று சொல்ல, "அப்ப எனக்கு இன்னா வியாதினு சொல்றே?" என்று அவள் என்மேல் பாய, ஊரில் ஒருவரும் சோறாக்கவில்லை. அன்றைக்கு மட்டும் பொழுது போனதே தெரியவில்லை.

இதோடு போயிருந்தால் எழுதியிருக்கமாட்டேன். ஒருநாள் நான் நெய்துகொண்டிருந்தபோது செல்வி பக்கத்தில் வந்து உட்கார்ந்து 'கீப் அவுட் ஆஃப் ரீச் ஆஃப் சில்ட்ரன்' என்று படித்தாள். சட்டென்று என் கையைப் பார்த்தாள். "அப்பா, இந்த 'ஆஃப்' நாடா ஓடற மாதிரி ஓடணும். 'ரீச்' உன் பலகை மாதிரி வுழணும். மாமா சொன்னது இதான்பா" என்றாள். கயிற்றை இழுத்தால் நூலோடு நாடா குறுக்கே ஓடும், பலகையை இழுத்தால் அந்த நூல்மேல் அடி விழும், முப்பது வருஷமாக நான் செய்கிற காரியம். அதற்குள் இங்கிலீஷ் இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? அவள் படித்தாள், நான் அடித்தேன். அடி விழுந்த இடத்தில் அவள் சொல் விழுந்தது, நாடா ஓடிய நேரத்தில் சின்னச் சொற்கள் ஓடி மறைந்தன. மச்சான், சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ரோஸி தார்க்குச்சியில் நூல் சுற்றுவதை நிறுத்திவிட்டு எழுந்து நின்றாள். கோயிலில் எழுந்து நிற்பதுபோலத்தான் நின்றாள்.

பேஜார் அங்கேதான் ஆரம்பம். அவள் ஏலம் விட்டால் என் கை ஓங்கி அடிக்கிறது, தாலாட்டினால் தடவிக் கொடுக்கிறது. பட்டு முதலாளி ஜெயச்சந்திரன் வந்து சேலையை விரித்துக் கையால் நீவிப் பார்த்தார். கல்யாணப் பெண்கள் கட்டும் முகூர்த்தச் சேலை, கடைக்குப் போகவேண்டியது. "இன்னா அடைக்கலசாமி, இங்க கெட்டியா கீது, இங்க எளசா கீது. ஒரு சேலைய ரெண்டு பேரு நெய்ஞ்சீங்களா?" என்றார். செல்வி முன்னே வந்து, கெட்டியான இடத்தில் விரலை வைத்து ஏலம் விட்டாள், இளசான இடத்துக்கு விரலை நகர்த்தித் தாலாட்டினாள். சேலை முழுவதையும் முந்தானைவரைக்கும் அப்படியே படித்துக் காட்டினாள். திட்டவேண்டிய மனிதர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். போகும்போது, "இத கடைக்கு அனுப்பல, என் வூட்லயே வெச்சிக்கிறேன். ஆனா அடுத்த சேலைக்கு அந்தப் பொண்ண கொல்லைப்பக்கம் ஒக்காந்து படிக்கச் சொல்லு" என்றார்.

போன வியாழக்கிழமை வேலூர் போனோம். அவள் உள்ளே போக, நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. ஏதோ ஆபீஸ் விதியைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். பயத்தில் எல்லாம் போய்விட்டது, மச்சான். பழைய ஜெபமாலை, அதே எடை, அதே மூச்சு. உள்ளே ஒருவர் தொண்டையைச் செருமினார். அப்போதுதான் என் கால் தறி மிதிப்பதுபோல் தானாக மிதிக்க ஆரம்பித்தது. கை தொடையில் அடித்தது. மெதுவாகத்தான். "பெரியவரே, காலை வெச்சிகினு சும்மா இருக்கமாட்டீங்களா?" என்று பியூன் வந்து நின்றான். இருக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை. உள்ளே அவள் ஒரு சொல்லில் நின்றாள். என் கால் சத்தத்தைக் கேட்டுவிட்டாள். அடுத்த அடியில் சரியாக ஏறிக்கொண்டாள்.

உள்ளிருந்து ஒரு அதிகாரி அம்மா எழுந்து வந்து கதவைத் திறந்து என் காலைப் பார்த்தார்கள். நான் எழுந்து கும்பிட்டேன். கால் நின்றுவிட்டது. கெடுத்துவிட்டோம் என்று நினைத்தேன். ஆனால் அவள் நிற்கவில்லை, மச்சான். நான் நிறுத்திய பிறகும் அவள் போய்க்கொண்டே இருந்தாள். அடிக்கவேண்டியதை அடித்து, நழுவவேண்டியதை நழுவவிட்டு, கடைசியில் அந்த விதியைத் தாலாட்டித் தூங்கவைத்துவிட்டுத்தான் நிறுத்தினாள். எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. கண் மட்டும் நிறைந்துவிட்டது. இது என் வீட்டில் பிறந்த பிள்ளைதானா என்று சுவரைப் பிடித்துக்கொண்டேன். வெளியே வந்த அதிகாரி அம்மா, "போன்ல கத்தறவங்ககூட இந்தக் குரலுக்கு அடங்கிடுவாங்க. ஆர்டர் தபால்ல வரும், பெட்டியக் கட்டச் சொல்லுங்க" என்றார்கள்.

சரி, வேலை கிடைத்தது. இனி எதற்குப் படிப்பு? வந்த நாளிலிருந்து இன்னும் அதிகமாகப் படிக்கிறாள். தீப்பெட்டியை ஏலம் விடுகிறாள், சோப்பு உறையிடம் சண்டை போடுகிறாள். கெங்கம்மாள் இப்போது சண்டைக்கு வருவதில்லை, பொரிகடலையோடு கேட்க வருகிறாள். நான் ஒரு தறிக்காரன், எனக்கு ஒரே சீராக நெய்தாகவேண்டும். ஆகையால் நீங்கள் உடனே ஒரு கார்டு போட்டு, மாமா உத்தரவு என்று சொல்லி இந்த வாசிப்பை நிறுத்தவும். நான் சொன்னால் கேட்கமாட்டாள். எனக்குச் சொல்லவும் வாய் வரவில்லை.

வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். மாதா உங்கள் எல்லோரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
அடைக்கலசாமி

பி.கு. ராத்திரி எழுதி வைத்ததை இன்னும் தபாலில் போடவில்லை. நான் உங்களிடம் புகார் எழுதுவதாக ரோஸி வாயை அடக்காமல் சொல்லிவிட்டாள். காலையிலிருந்து செல்வி ஒரு எழுத்துகூடப் படிக்கவில்லை. "நீ நெய்ப்பா" என்று சொல்லிவிட்டுப் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருக்கிறாள். நானும் தறியில் உட்கார்ந்தேன். வீடு அமைதியாகத்தான் இருக்கிறது. மத்தியானம் ஆகிவிட்டது, நாலு விரல்கூட நெய்யவில்லை. கால் எழும்பமாட்டேன் என்கிறது. மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடவும். கார்டு போடவேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நீங்களே வந்து அவளைப் படிக்கச் சொல்லவும். வரும்போது போளூரில் லேபிள் பெரிதாக உள்ள மருந்து பாட்டில் எது கிடைத்தாலும் வாங்கி வரவும். இங்கே யாருக்கும் ஒரு நோயும் இல்லை.