ராஜரத்தினம் சேரின் நாற்பத்தேழு விதிகள்

கண்டியில் இவரை நீங்கள் கட்டாயம் சந்தித்திருப்பீர்கள். இனத்தின் பெயர் ஒழுக்கக் காவலர். எல்லோரும் ஜெபத்துக்குக் கண்களை மூடும்போது இவர் மட்டும் ஒரு கண்ணைத் திறந்து வைத்திருப்பார். யார் மூடவில்லை என்று பார்க்க வேண்டாமா?

நான் சொல்லும் ராஜரத்தினம், மலைச்சரிவிலுள்ள ஒரு கிறிஸ்தவக் கல்லூரியில் மாணவர் நடத்தைப் பொறுப்பாளர். கடவுள் பத்துக் கட்டளைகளோடு நிறுத்திக்கொண்டார். இவருக்கு அது போதவில்லை. பாவாடை கணுக்காலைத் தொட வேண்டும், சிரிப்பு அடுத்த வகுப்புக்குக் கேட்கக் கூடாது, ஆணும் பெண்ணும் ஒரே வாங்கில் உட்கார்ந்தால் நடுவே ஒரு வேதாகமம் வைக்க இடம் இருக்க வேண்டும், அதுவும் நெடுக்காக அல்ல, குறுக்காக என்று நாற்பத்தேழு விதிகள் எழுதி வைத்திருந்தார். ஒன்றில்கூட இரக்கம் என்ற சொல் கிடையாது.

சென்ற ஐப்பசியில் ஒருநாள், இறுதியாண்டு மாணவி பிரேமிளாவைத் தேடி அவள் அண்ணன் கிருஷாந்தன் மோட்டார் சைக்கிளில் வந்தான். தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து மூட்டையோடு சறுக்கி விழுந்த அப்பாவுக்குத் தலையில் அடி. கண்டி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள்.

பிரேமிளா கல்லூரி வாசல் கேற்றுக்கு ஓடி வந்தாள். பின்னாலேயே ராஜரத்தினமும் வந்தார். "இவர் ஆர்?"

"எங்க அண்ணன் சேர். அப்பாவ பன்னெண்டு மணிக்கு ஒபரேசனுக்குக் கொண்டுபோறாங்க."

"அண்ணன் எண்டதுக்கு என்ன அத்தாட்சி?"

இருவரும் அடையாள அட்டைகளை நீட்டினார்கள். இரண்டிலும் தகப்பன் பெயர் பழனியாண்டி.

"பழனியாண்டி எண்டு மலைநாட்டில எத்தினை பேர் இருப்பினம்! அண்ணனெண்டாலும் பொம்பிளைப் பிள்ளை மோட்டச் சைக்கிள்ல ஏறேலாது. விடுதி மேட்ரன் ஜெபக்கூட்டம் முடிஞ்சு வரட்டும். அவவோட பஸ்ஸில போகலாம்."

ஜெபக்கூட்டம் முடிகிற வழியாக இல்லை. நாற்பது நிமிடம் மழையில் நின்றாள் பிரேமிளா. பிறகு தானே கேற்றைத் திறந்து அண்ணனுக்குப் பின்னால் ஏறிக்கொண்டாள்.

சத்திரசிகிச்சைக் கூடத்தின் கதவு மூடும்போதுதான் போய்ச் சேர்ந்தார்கள். அப்பாவின் பாதங்களை மட்டும் கண்டாள். "ஒன்னையத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாரு" என்றார் வார்ட்டில் பக்கத்துக் கட்டில்காரர். அப்பா பிழைத்துவிட்டார். பேச்சு மட்டும் திரும்பவில்லை.

கல்லூரி என்ன செய்தது? விசாரணை வைத்தது. ஐந்து கதிரைகள், ஐந்து முகங்கள், நடுவில் அதிபர்.

"உமக்கும் அவருக்கும் இடையில எவ்வளவு இடைவெளி இருந்தது?" என்று கேட்டார் ராஜரத்தினம்.

"நடுவுல அப்பாவோட துணிப் பை இருந்திச்சி சேர்."

"பை ஒன்று" என்று குறித்துக்கொண்டார். மன்னிப்புக் கடிதம் தராவிட்டால் பரீட்சை இல்லை என்று தீர்ப்பாயிற்று.

பிரேமிளா அங்கேயே எழுதிக் கொடுத்தாள். அதிபர் சத்தமாக வாசிக்கத் தொடங்கினார்: "என் அப்பாவுக்கு. நாற்பது நிமிடம் கேற்றில் நின்றதற்கு என்னை மன்னியுங்கள். விதியை இன்னும் சீக்கிரம் மீறியிருக்க வேண்டும்."

அவர் குரல் பாதியில் இறங்கிவிட்டது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், திரும்பவும் போட்டுக்கொண்டார். பிரேமிளாவை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "பரீட்சை எழுதட்டும்" என்று மட்டும் சொல்லி எழுந்து போனார்.

அவள் எழுதினாள், தேறினாள், பட்டமளிப்புக்கு வராமல் சான்றிதழைத் தபாலில் அனுப்பச் சொன்னாள். ராஜரத்தினத்துக்கு வெட்கம் வந்ததா என்கிறீர்களா? மன்னிப்புக் கடிதங்கள் இனிமேல் கல்லூரி தரும் படிவத்தில் மட்டுமே எழுதப்பட வேண்டும் என்று அடுத்த வாரமே அறிவித்தல் பலகையில் ஒட்டினார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. போன ஞாயிறு வாவிக்கரையில் ஒரே குடைக்குள் இரண்டு இளசுகள் நடந்து போனபோது, எட்டிக் குனிந்து முகம் பார்த்தீர்களே, யார் வீட்டுப் பிள்ளைகள் என்று துணைவியாரிடம் விசாரித்தீர்களே, நினைவிருக்கிறதா? அன்று நல்ல மழை. குடைக்கு வெளியே நீங்கள்தான் நனைந்துகொண்டு நின்றீர்கள்.