சில்சோங் ஏன் இன்னும் வைக்கவில்லை?

“இன்னும் வைக்கலையா அவரு?” என்று இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டாள் ஓக்ரே.

“இல்ல. செயலி மக்கர் பண்ணுது,” என்றார் அவள் கணவர் பியோ ஜோங்கு.

மோக்போ துறைமுகத்துச் சலவைக்கடையில் மத்தியானம். நீராவி எழும்ப எழும்ப, தொங்கிக்கொண்டிருந்த சட்டைகளெல்லாம் உள்ளே ஆளில்லாமலே மெல்ல ஆடின. கைபேசியில் பாதுக் என்ற காய் ஆட்டத்தின் பலகை வெறும் கட்டங்களாகக் கிடந்தது. அதையே பார்த்துப் பார்த்து ஜோங்குவுக்குக் கண் சொக்கியது.

எதிராளி சில்சோங், இளவயதிலிருந்து கூடவே ஆடியவன். மூத்தவருக்கோ ஆட்டத்தில் வல்லவருக்கோதான் வெள்ளைக் காய்; மற்றவர் கறுப்பை எடுத்து முதலில் வைக்க வேண்டும். ஜோங்கு சில மாதம் மூத்தவர் என்பதால் என்றைக்கும் வெள்ளைதான். சில்சோங் அவரை அடுத்தடுத்து ஜெயிக்க ஆரம்பித்தபோதுதான் வினை வந்தது.

“இனிமே வெள்ளை எனக்குத்தாண்ணே.”

“நான் செத்தப்புறம் எடுத்துக்கோ.”

சில்சோங் காய்க் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு எழுந்தான். அடுத்த வாரமே ஜேஜு தீவில் இருக்கும் மகள் வீட்டுக்குக் குடிபோய்விட்டான். போகும்போது ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்புறம் யாரோடு ஆடினாலும் ஜோங்குவுக்கு உப்பில்லாத சோறு தின்பதுபோல இருந்தது.

இன்று காலையில்தான் மானம் ரோஷத்தையெல்லாம் மூட்டை கட்டிவிட்டு அவனுக்கு ஆட்ட அழைப்பு அனுப்பினார். செயலி ஏதேதோ கேட்டது. கண்ணாடியைத் தேடச் சோம்பல்பட்டு, கேட்டதற்கெல்லாம் கட்டைவிரலால் ஒரு தட்டு தட்டினார். சில்சோங் உடனே ஏற்றுக்கொண்டான்! காய் மட்டும் வரவே இல்லை.

“அணைச்சுப் போட்டுப் பாருங்க,” என்றாள் ஓக்ரே.

அணைத்துப் போட்டார். கடவுச்சொல் கேட்டது. ஓக்ரேயின் பிறந்தநாள், அவளே வைத்துக் கொடுத்தது. ஜோங்கு போட்டார். தவறு என்றது.

“என் பிறந்தநாள் என்னைக்குன்னு போட்டீங்க?”

அவர் கைபேசியை அவளிடம் நீட்டினார். அவள் போட்டதும் திறந்துகொண்டது. பலகை அப்படியே காலி.

“அழிச்சுட்டுப் புதுசா ஏத்துங்களேன்.”

ஏற்றினார். செயலி அவரைப் புது ஆள் என்று நினைத்து ஒரு முயலை அனுப்பியது. ‘வணக்கம் குட்டி நண்பா! காயை எப்படிப் பிடிப்பது என்று பார்ப்போமா?’

“யாருடா குட்டி?”

முயல் காதை ஆட்டியது. பாடம் முடியாமல் நகர மாட்டேன் என்றது. ஊர்ப் போட்டியில் கோப்பை வாங்கியவர், வேறு வழியில்லாமல் ஒற்றைக் காயைச் சுற்றி வளைத்துப் பிடித்தார். முயல் கைதட்டியது. அவருக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பழைய கணக்கு திரும்பியது. பலகை காலி.

“பலகையைத் தொட்டுத்தான் பாருங்களேன்.”

“அவன் முறையில நான் விரல் வைக்கறதா? இந்த வயசுல அந்தக் கேவலம் வேறயா?”

“சரி, ஏன் வைக்கலைன்னாவது கேளுங்க.”

செய்தி எழுதிக் கேட்கப் போனார். கட்டைவிரல் பக்கத்தில் பட்டு, தரையில் உருண்டு அழுகிற கரடிப் படம் போய்விட்டது. அதை அழிக்கப் போக, இதயத்தைத் தூக்கிக்கொண்டு இன்னொரு கரடி போனது.

“ஐயோ, மானம் போச்சு!”

நீராவி இன்னும் அடர்ந்தது. பாதிக் கண் மூடினால், சட்டைகளுக்கு நடுவே சில்சோங் சம்மணமிட்டு உட்கார்ந்து காயை விரலிடுக்கில் உருட்டிக்கொண்டிருந்தான். கண்ணைத் திறந்தால் யாரோ ஒருவருடைய சட்டை.

“அவன் என்னை மன்னிக்கலை ஓக்ரே. வர்ற மாதிரி வந்து, காக்க வெச்சுப் பழி வாங்கறான்,” என்றார் ஜோங்கு. அவருக்கு நிஜமாகவே அழுகை வந்தது. “போதும். ஆட்டத்தை ரத்து பண்ணிடறேன்.”

விரல் பொத்தானுக்குப் போன நேரம், ஓக்ரேயின் கைபேசி அடித்தது. ஜேஜுவிலிருந்து சில்சோங்கின் மகள். ஓக்ரே ஒலிபெருக்கியில் போட்டாள்.

“பெரியப்பா, முதல் காயை எப்பதான் வைக்கப் போறீங்க? ‘எங்கண்ணன் தானா கறுப்பைக் கேட்டு எடுத்திருக்காரு’ன்னு அப்பா காலையிலேர்ந்து சாப்பிடாம அழுதுட்டு உட்கார்ந்திருக்காரு!”