ஆடாத கேபின்

"இந்த கேபினும் வேண்டாம்" என்றார் தேசிகன்.

கப்பல் ஏஜெண்டு ஆபீஸ் கிளார்க் பூவராகவன் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார்.

"போன வாரம் ஜன்னல் வேணும், காத்து வேணும்னு நீங்கதானே சார் கேட்டு வாங்கிண்டு போனேள்?"

"மேல்தட்டுன்னு நீர் சொல்லலையே. அது ஆடுமாமே."

"கப்பல் ஆடாம என்ன சார் பண்ணும்?"

தேசிகன் திருவள்ளூர் தாலுகா ஆபீசில் ரிட்டயரானவர். ஊரில் நல்ல பெயர். அவரிடம் இருந்த ஒரே குறை, அசைகிற எதன்மேலும் அவரால் உட்கார முடியாது என்பதுதான். கல்யாணத்தன்று ஊஞ்சலில் உட்கார்ந்த மாப்பிள்ளை பாதிப் பாட்டில் எழுந்து கொல்லைப்புறம் ஓடினார். வெட்கம் என்று பெண் வீட்டார் பூரித்துப் போனார்கள். கோயில் தெப்பத்தில் பெருமாளுக்குக் குடை பிடிக்கிற முறை அவர் குடும்பத்துக்கு உண்டு. வருஷா வருஷம் தெப்பத்தன்று சொல்லிவைத்தாற்போல் அவருக்கு முழங்கால் வலி வரும், தம்பி எம்பார் போய்க் குடை பிடிப்பார். மறுநாள் வலி போய்விடும்.

இத்தனை வருஷம் பெண்டாட்டி ஹேமாம்புஜத்துக்கே தெரியாமல் காப்பாற்றிய மானத்துக்கு இப்போது பினாங்கிலிருந்து ஆபத்து வந்தது. மகள் கோதைநாயகிக்கு அங்கே முதல் பிரசவம். "அப்பா வரமாட்டார், எனக்குத் தெரியும். அம்மாவையாவது அனுப்புங்கோ" என்று எழுதியிருந்தாள். அந்த முதல் வாக்கியம், மீனே தின்று அறியாத தேசிகனின் தொண்டையில் மீன்முள்ளாகச் சிக்கிக்கொண்டது.

"யார் வரமாட்டான்? நானும் வரேன்" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டார். விமானம் என்றால் ஆடுவதோடு விழவும் விழும் என்பது அவர் கட்சி. ஆகவே கப்பல்.

"நடுவுல ஒரு கேபின் கொடும்" என்றார் இப்போது.

இது அவர் சுயமாகக் கண்டுபிடித்தது. புறப்பாட்டின்போது பல்லக்குத் தண்டின் நுனியில் தோள் கொடுப்பவன்தான் தூக்கித் தூக்கிப் போடப்படுகிறான். நடுவில் எழுந்தருளியிருக்கும் பெருமாளின் மாலைகூட நகர்வதில்லை. கப்பலும் பெரிய பல்லக்குதானே?

பூவராகவன் நடுவில் கொடுத்தார். தேசிகன் வெற்றியோடு திருவள்ளூர் ரயிலில் ஏறி, வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பக்கத்தில் நின்ற ஊர்க்காரர் ஆதிகேசவன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நடுவுலயா? எஞ்சின் அங்கதானே இருக்கு. மாவு மில்லுல படுத்த மாதிரி இருக்கும்" என்றார்.

தூக்கம் கெட்டால் தலை சுற்றும், தலை சுற்றினால் வயிறு பிரட்டும். மறுநாளே கேபின் முன்பக்கம் போயிற்று. அங்கே நங்கூரச் சங்கிலி கடகடவென்று இறங்கும் என்று யாரோ சொன்னார்கள். பின்பக்கம் மாறினார். கப்பலைத் தள்ளுகிற விசிறி அங்கேதான் தண்ணீரைக் கடைகிறது என்றார்கள். கடைசியில் சத்தமும் இல்லாமல் ஆட்டமும் இல்லாமல் ஒரு கேபின் கிடைத்தது. டிக்கெட்டை வாங்கிக்கொண்டு வாசல்வரை வந்தவர், சந்தேகப்பட்டுத் திரும்பினார்.

"பக்கத்துல என்ன இருக்கு?"

"சமையல்கட்டு" என்றார் பூவராகவன். "மீன் வறுக்கிற வாசனை கொஞ்சம் வரும்."

தேசிகனுக்கு ஆபீசிலேயே குமட்டியது.

இனி கரையில் இருப்பவர்களைக் கேட்டுப் பிரயோஜனமில்லை என்று தெரிந்துவிட்டது. பொன்னேரியில் சிநேகிதரைப் பார்க்கப் போவதாக ஹேமாம்புஜத்திடம் சொல்லிவிட்டு நேரே பழவேற்காடு போனார். தாலுகா ஆபீஸ் நாளில் பழக்கமான துலுக்காணம் அங்கே மீன் பிடிக்கிறவன்.

"இன்னா சாமி, இம்மாந்தூரம்?"

"ஒரு ரவுண்டு படகுல கூட்டிண்டு போ துலுக்காணம். பழகிக்கணும்."

துலுக்காணம் படகைத் துடைத்து, மேல்துண்டை மடித்துப் போட்டு உட்கார வைத்தான். தேசிகன் கண்ணை மூடிக்கொண்டார். ஏரி மெல்லத் தூக்கியது, மெல்ல இறக்கியது. முதலில் வாயில் உமிழ்நீர் ஊறியது. பிறகு காலையில் சாப்பிட்டது மேலே வந்தது. பிறகு முந்தின நாள் சாப்பிட்டதும் வந்தாற்போல் இருந்தது. படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் தொங்கினார்.

"போறும்ப்பா. கரைக்குத் திருப்பு" என்றார் ஈன சுரத்தில்.

துலுக்காணம் தர்மசங்கடமாகத் தலையைச் சொறிந்தான்.

"எங்க சாமி திருப்புறது? இன்னும் கயிறே அவுக்கல."

தேசிகன் கண்ணைத் திறந்து பார்த்தார். படகு கரையில் அடித்த முளையில்தான் கட்டியிருந்தது. வாழ்க்கையில் முதல்தடவையாக அவர் ஒருவரிடம் உண்மையைச் சொன்னார். ஊஞ்சல், தெப்பம், முழங்கால் எல்லாம் சொன்னார். துலுக்காணம் சிரிக்கவில்லை. அதற்காகவே அவனைக் கட்டிக்கொள்ளலாம்போல் இருந்தது.

"லாஞ்ச்சுல எங்க ஆளுங்களுக்கே பேஜாராவும் சாமி. அப்போ மீன் கொட்டற அறைல எறக்கிப் படுக்க வச்சிருவோம். நடுவுல, கீழ, ஜன்னலே இல்லாம இருக்கும். தண்ணியக் கண்ணுல பாக்காம இருந்தா வவுத்துக்கு இன்னா தெரியும், கடலு எது, ஊடு எதுன்னு?"

மறுநாள் பூவராகவன் அதைக் கேட்டு மலர்ந்து போனார்.

"அப்படி ஒண்ணு இருக்கு சார். துணி மூட்டை அறைக்கும் அரிசி மூட்டை அறைக்கும் நடுவுல. எஞ்சினும் எட்ட. ஜன்னல் கிடையாது. இதுவரைக்கும் அதை ஒருத்தரும் கேட்டதே இல்லை." தேசிகன் மனசு மாறுவதற்குள் எழுதிக் கொடுத்தும் விட்டார்.

கப்பல் ஏறிய அன்று கேபினைப் பார்த்த ஹேமாம்புஜம் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏன்னா, இதைத் தேடித்தான் மாசம்பூரா பட்டணத்துக்கு அலைஞ்சேளா? அஞ்சறைப் பெட்டி இதைவிட விசாலம். நான் மேல போய்க் காத்தாட உக்காந்துக்கறேன். எனக்கென்ன, தெப்பமா தேரா, எதுல ஏறினாலும் ஒண்ணும் பண்ணாது."

"போ. ஆனா கப்பல் கிளம்பறப்போ வந்து எழுப்பு. நிமிர்ந்து உக்காந்து பெருமாளை நினைச்சுக்கணும்."

பெட்டியைக் கொண்டுவந்து வைத்த கப்பல் சிப்பந்தி குப்புராஜ் மீஞ்சூர்க்காரன். "எதுனா ஒண்ணுன்னா மணியடிங்க சாமி" என்று சொல்லிவிட்டுப் போனான். தேசிகன் கதவைச் சாத்தினார். தலைசுற்றலுக்கு ஒரு மாத்திரை போதும் என்று கம்பவுண்டர் சொல்லியிருந்தார். இவர் இரண்டு விழுங்கினார். இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டார். கையில் ஓர் எலுமிச்சம்பழத்தோடு படுத்து, இனி வரப்போகும் பிரளயத்துக்காகக் காத்திருந்தார்.

விழிப்பு வந்தபோது தலைமாட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கதவில் மாட்டிய குடைகூட ஆடவில்லை. எலுமிச்சம்பழம் நசுங்காமல் கையிலேயே இருந்தது. ஹேமாம்புஜம் எழுப்ப வரவில்லை. இன்னும் சரக்கு ஏற்றி முடியவில்லைபோல் இருக்கிறது. நேரம் என்ன என்று தெரியவில்லை. கோயில் மணியை வைத்தே நாளை ஓட்டியவர், கைக்கடிகாரம் கட்டிப் பழக்கமில்லை.

கப்பல் இன்னும் கிளம்பவில்லை.

அந்த நினைப்பு வந்ததும் அவருடைய வீறாப்பெல்லாம் கழன்று விழுந்தது. கட்டிய படகிலேயே குடலைக் கக்கியவன் ஒரு வாரம் சமுத்திரத்தில் என்ன ஆவான்? மாப்பிள்ளை எதிரில் தன்னை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு இறக்குவார்கள். இப்போதே எழுந்தால் துறைமுகத்திலிருந்து நடந்தே ரயிலடிக்குப் போய்விடலாம்.

பெட்டியைத் திறந்து தன் வேஷ்டிகளை மட்டும் பையில் எடுத்துக்கொண்டார். அடியில் மஞ்சள் துணியில் முடிந்த குட்டி வெள்ளி அரைஞாண் தட்டுப்பட்டது. தட்டானிடம் பக்கத்தில் உட்கார்ந்து அவரே பார்த்துப் பார்த்துச் செய்வித்தது. "அப்பா வரமாட்டார், எனக்குத் தெரியும்." மகள் சரியாகத்தான் எழுதியிருந்தாள். அவருக்கு அழுகை வந்தது. துணியை மறுபடி முடிந்து ஹேமாம்புஜத்தின் புடவைக்குள் வைத்துவிட்டு, பையும் குடையுமாக வெளியே வந்தார்.

மாடிப்படி அடியில் குப்புராஜ் ஒரு பெரிய காபி கெட்டிலோடு தனியாக நின்றுகொண்டிருந்தான். அவரைப் பார்த்ததும் வாயைப் பிளந்தான். ஏதோ சொன்னான். தேசிகன் காதுப் பஞ்சை எடுத்தார்.

"இன்னா சாமி, பையத் தூக்கிக்கினு எங்க?"

"இறங்கிடறேன்ப்பா" என்றார் தேசிகன், அவன் முகத்தைப் பார்க்காமல். "எனக்கு இதெல்லாம் ஒத்துக்காது. மாமி கேட்டா, எனக்கு முழங்கால் வலின்னு சொல்லிடு."

குப்புராஜ் அவரை மேலும் கீழும் பார்த்தான். பிறகு பையை மரியாதையாக வாங்கிக் கீழே வைத்துவிட்டு, ஒரு டம்ளரை எடுத்து நீட்டினான்.

"நேத்து சாயந்தரமே மெட்ராஸ வுட்டாச்சு சாமி, இனிமே பினாங்குலதான் எறங்க முடியும், ராவெல்லாம் கப்பலு பேயாட்டம் ஆடிக்கினு இருந்துச்சு, இப்பத்தான் அடங்கிச்சு, மாமி மேல பக்கெட்டக் கட்டிக்கினு படுத்துகிறாங்க, கேப்டனே நாஷ்டா வாணாம்னு அனுப்பிச்சிட்டாரு, காலைல எழுந்து வந்த மொத ஆளு நீங்கதான், காபி ஊத்தட்டுமா?"