மலாயில் சொன்னால் இவ்வளவுதான்

பெர்மாஸ் ஜெயா,
ஜொகூர்.

கர்த்தருடைய கிருபையால் காஹாங்கில் குடியிருக்கும் என் உடன்பிறந்த தங்கை சூசனுக்கு, அக்கா மதலேன் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நான், மகள் பிலோமினா, பேத்தி ரூபினி, அவள் பெற்ற பச்சைக் குழந்தை எல்லோரும் சுகம். அங்கே நீயும் உன் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். வழக்கத்துக்கு எழுதிய வரி என்று தள்ளிவிடாதே. உண்மையாகவே வேண்டிக்கொண்டேன். எனக்கே இது நம்ப முடியாத ஆச்சரியமாக இருப்பதால்தான் பேனாவை எடுத்தேன். ஃபோனில் சொல்லலாமே என்பாய். ஃபோனில் நீ குறுக்கே பேசுவாய்.

ரூபினியின் குழந்தைக்கு ஈஸ்டர் முடிந்ததும் ஞானஸ்நானம். ஞானத்தாயாக நிற்கப்போவது உன் மகள் என்று நீயும் கேள்விப்பட்டிருப்பாய். ரூபினிக்கும் அவளுக்கும் சிங்கப்பூரில் ஒரே இடத்தில் வேலை, விடியற்காலையில் ஒரே பஸ்ஸில் பாலம் தாண்டுகிறார்கள், அதில் வளர்ந்த பிரியம். அதைச் சொல்ல வந்த ரூபினி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“பாட்டி, அன்னைக்கு நீங்க அந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிக்கக் கூடாது. ஃபோட்டோல விழும்.”

“எந்த மூஞ்சிடி?”

“அதான், பேட்ரிசியா பெரியம்மா... பாருங்க, பேரச் சொல்றதுக்குள்ள வந்துருச்சு!” என்று கைப்பேசியில் படம் பிடித்து நீட்டினாள். அலமாக்! சூசன், வெயிலில் போட்டு எடுக்க மறந்த கருவாடு போல இருந்தேன். “இதே மூஞ்சின்னா பாப்பாவ உங்க கையில குடுக்க மாட்டேன். ஃபாதர் தண்ணி ஊத்துறப்ப நீங்க கீழ உக்காந்து பாருங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். என் கொள்ளுப்பேத்தியை நான் ஏந்தக் கூடாதாம். உன்னால்!

நடந்ததை நீ மறந்திருப்பாய். எடுத்தவர்களுக்கு மறந்துவிடும். நாம் இருவரும் ஒரே சமயத்தில் வயிற்றில் பிள்ளையோடு இருந்தோம். நாம் இருந்த ரப்பர் தோட்டத்துக்கு ஞானோபதேசம் சொல்ல வந்த கன்னியாஸ்திரீயின் பெயர் எனக்குப் பிடித்துப்போனது. பெண் பிறந்தால் பேட்ரிசியா என்று வைக்கப்போகிறேன் என்று குழாயடியில் உன்னிடம் மட்டும் சொன்னேன். நீ அப்போது நீலப்பூ போட்ட சாரோங் கட்டிக்கொண்டு, என் சோப்பில் உன் துணியைத் துவைத்துக்கொண்டிருந்தாய். எனக்குச் சில நாள் முந்தி நீ பெற்றாய். நான் படுக்கையை விட்டு எழுவதற்குள் கோவிலுக்குத் தூக்கிப்போய் அந்தப் பெயருக்குத் தண்ணீர் ஊற்றி முடித்துவிட்டாய். கேட்டதற்கு, “பேரு என்னக்கா, காத்துல கெடக்குற சாமான்தானே? நீ வேற ஒண்ணு புடிச்சுக்க” என்றாய். நம் அம்மா சிரித்தாள். அதையும் நான் மறக்கவில்லை. அவளுடைய ஆன்மாவுக்குப் பூசை வைக்கும்போதெல்லாம் அந்தச் சிரிப்பை நினைத்துக்கொண்டுதான் வைக்கிறேன்.

இதை மடியில் வைத்துக்கொண்டு கிறிஸ்தவளாக இருப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? பூசைக்குப் போவது சுலபம், ரூபினி காரில் கொண்டுபோய் விடுவாள். வெள்ளிக்கிழமை இறைச்சி தின்னாமல் இருப்பது சுலபம், பல் இல்லை. பரலோக மந்திரத்தில்தான் மாட்டிக்கொள்வேன். பிறரை மன்னிக்கிற வரி வந்ததும் எனக்கு இருமல் வரும். அதாவது வரவழைப்பேன். என் பக்கத்தில் உட்காரும் ஸ்டானிஸ்லாஸ் எனக்கு ஆஸ்துமா என்றே நம்பி அந்த வரிக்கு முன்னால் மிட்டாயை உரித்துத் தயாராக வைத்திருப்பார். நானும் வாங்கிக்கொள்வேன். சமாதானம் சொல்லிக் கை கொடுக்கும் நேரத்தில் உன் ஊர்க்காரர் யாராவது தென்பட்டால், பைக்குள் கண்ணாடியைத் தேடுவேன். கண்ணாடி மூக்கில் இருக்கும். இந்தத் தவக்காலத்தில் பெரிய தியாகமாக இருக்கட்டும் என்று மிளகாயை விட்டேன்.

“மிளகாய விட்டா சாமிக்கு என்ன லாபம் பாட்டி? சூசன் பாட்டி மேல இருக்கிற கோவத்த விடுங்க லா!” என்றாள் ரூபினி.

“அது என்னடி, நாசி லெமாக் சம்பலா? வேணாம்னு தட்டோரமா ஒதுக்கி வைக்க?” என்றேன்.

ஆனாலும் குழந்தையை ஏந்த வேண்டுமே. சனிக்கிழமை சாயங்காலப் பூசைக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். நம் தமிழ்ச் சாமியாரை மனதில் வைத்து, முழு வழக்கையும் தயார் செய்துகொண்டு போனேன். அவருக்கு இந்தக் கதை தெரியும். கதை குழாயடிக்கு வரும்போதே, “அம்மா, பாவத்த மட்டும் சொல்லுங்க. சாரோங்ல இருந்த பூ வரைக்கும் எனக்கு மனப்பாடம்” என்பார். அவசரமாக ஆசீர்வதித்து அனுப்பிவிடுவார், நானும் கோபத்தைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். அன்று பார்த்து அவர் ஈப்போவுக்குத் தியானத்துக்குப் போய்விட்டார். முட்டி போட்ட பிறகுதான் தெரிகிறது, திரைக்கு அந்தப் பக்கம் இருப்பது சரவாக்கிலிருந்து வந்திருக்கிற டாரில் என்ற இளம் சாமியார். அவருக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. எழுந்து போய்விடலாம் என்றால், என் முட்டி ஒருமுறை மடங்கினால் நிமிர்த்த ஆள் வேண்டும்.

என் மலாய் உனக்குத் தெரியும். மீன் மார்க்கெட் மலாய். விலை கேட்பேன், குறைக்கச் சொல்வேன், மீன் கெட்டிருந்தால் ‘பூசோக்’ என்று மூஞ்சிக்கு நேரே சொல்வேன். அதை வைத்துக்கொண்டு உன்னை எப்படி விளக்குவது? இருந்த சொல்லில் எடுத்தேன். என் தங்கையின் மனசு பூசோக் என்றேன்.

சாமியார் கொஞ்சம் யோசித்தார். “பூசோக் யாரு மனசு மாச்சிக்? தங்கச்சியோடதா, உங்களோடதா?” என்றார். மலாயில்தான் கேட்டார், உனக்காகத் தமிழில் எழுதுகிறேன். மாச்சிக் என்றது மரியாதைக்கு. அவரவர் பாவத்தை அவரவர்தான் சொல்ல வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

“சரி, தங்கச்சி என்ன செஞ்சாங்க?”

தங்கச்சி என் பிள்ளையின் பெயரை எடுத்துக்கொண்டாள் என்றேன். சொல்லிவிட்டு மேலே போக வாயைத் திறந்தேன். சூசன், மேலே போக வழியில்லை! குழாயடிக்கு மலாயில் என்ன? நீ பார்த்த பார்வைக்கு என்ன? காற்றில் கிடக்கிற சாமான் என்றாயே, அந்தத் திமிருக்கு என்ன? தமிழில் இந்தக் கதையை நான் தொடங்கினால் உலை கொதித்து, சோறு வடித்து, அது ஆறிப்போனாலும் குழாயடியை விட்டு நகர மாட்டேன். மலாயில் ஒரே வரியில் தீர்ந்துவிட்டது.

“லாகி?” என்றார் சாமியார், அப்புறம் என்று.

தேடினேன். “மாரா” என்றேன். கோபம்.

“லாகி?”

“ரொம்ப நாளா மாரா.”

“அப்ப உங்க பிள்ளைக்குப் பேரே வைக்கலையா?”

“வச்சோம். பிலோமினா.”

“பிள்ளை நல்லா இருக்கா?”

“நல்லா இருக்கு.”

“தங்கச்சி பிள்ளை?”

“அதுவும் நல்லா இருக்கு.”

“பிலோமினா நல்ல பேருதானே, மாச்சிக்?”

உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இத்தனை காலமாக நான் தூக்கிச் சுமந்த மூட்டையை அவிழ்த்தால் உள்ளே ஒரு நெத்திலி. ஆண்டவருடைய கெட்டிக்காரத்தனத்தைப் பார்! என்னைத் திருத்த அவர் வானத்திலிருந்து சம்மனசுகளை அனுப்பவில்லை. நம் சாமியாரை ஈப்போவுக்கு அனுப்பினார். தமிழ் தெரியாத ஒருவரைச் சரவாக்கிலிருந்து விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்தார். இந்த ஒரு நாளுக்காகவே எனக்கு மீன் மார்க்கெட்டுக்கு மேல் மலாய் வராமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். இவ்வளவு வேலை, ஒரு கிழவிக்காக.

பிராயச்சித்தமாக, உன் மகள் பெயரை வாயால் சொல்லி அவளுக்காக ஜெபிக்கச் சொன்னார். குழாயடிக்குப் பிறகு அந்தப் பெயரை நான் வாயால் சொன்னதே கிடையாது. வெளியே ‘சூசன் மகள்’, நேரில் வந்தால் ‘இந்தா’. பாடகர்கள் பக்கம் காலியாக இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, பேட்ரிசியா என்றேன். கூரை விழவில்லை. இன்னொரு தரம் சொன்னேன். வாய்க்குள் கற்கண்டு மாதிரி இருந்தது, சூசன். அவளுக்கு முதுகு வலி என்று ரூபினி சொல்லியிருந்தாள், அது தீர வேண்டும் என்று கேட்டேன். கேட்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பூசையில் அந்த வரி வந்தது. ஸ்டானிஸ்லாஸ் உரித்த மிட்டாயோடு காத்திருந்தார். நான் இருமவில்லை. அந்த வரியை முழுசாக, சத்தமாகச் சொன்னேன். மனிதர் வெளுத்துப்போய், “என்னக்கா, ஒடம்புக்கு என்ன பண்ணுது?” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் ரூபினி கைப்பேசியை என் முகத்துக்கு நேராகப் பிடித்து, “பேட்ரிசியா பெரியம்மா” என்றாள். படத்தைப் பார்த்தாள். குழந்தையைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டாள்.

ஆகவே தங்கச்சி, நீ ஞானஸ்நானத்துக்குக் கட்டாயம் வர வேண்டும். முதல் வரிசையில் என் பக்கத்தில் உனக்கு இடம் போட்டு வைப்பேன். அந்தப் பெயரை நான் மனதார உனக்கே கொடுத்துவிட்டேன், இனி அதைப் பற்றிப் பேச மாட்டேன். மாதா உன்னையும் பேட்ரிசியாவையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாளாக. உன் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவர் நெற்றியிலும் எனக்காகச் சிலுவை போடு.

இப்படிக்கு,
மனஸ்தாபம் எதுவும் இல்லாத உன் அக்கா,
மதலேன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது ரூபினி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறப்புப் பத்திரத்தில் சாந்தினி என்று இருக்கிற குழந்தைக்கு ஞானஸ்நானப் பெயரும் முடிவாகிவிட்டதாம்.

“என்ன பேருடி?”

“சூசன்.”

“ஏன், மதலேனுக்கு என்ன கொறச்சல்?”

“அது பழைய பேரு பாட்டி.”

“சூசன் மட்டும் நேத்துதான் கடைக்கு வந்துச்சா?”

“பெரியம்மா கேட்டாங்க, எனக்கும் புடிச்சிருந்துச்சு. பேருதானே பாட்டி?”

ஞானஸ்நானத்துக்கு வா. வர வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கடைசி வரிசையில் உட்கார். சனிக்கிழமை நான் மறுபடியும் டாரில் சாமியாரிடம் போகிறேன். போவதற்கு முன்னால் இந்த விஷயத்தை அடுப்படியில் தனியாக நின்று மலாயிலும் சொல்லிப் பார்த்துவிட்டேன், சூசன். அப்போதும் பெரிசாகத்தான் இருக்கிறது.