முகம் தெரியாதவருக்கு வீடு காட்டிய குழந்தைராஜ்

பட்டுக்கோட்டைப் பக்கம் தேங்காய் வியாபாரம் செய்யும் குழந்தைராஜ், அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கூடத்து நடுவில் நின்று அறிவித்தார்.

"இனிமே பிரின்ஸி கையில போன் கிடையாது. பீரோவுல வெச்சுப் பூட்டப் போறேன்!"

காரணம் இருந்தது. பூசைக்குப் பிறகு நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஒரு அம்மா வந்து பேசினார். போனில் ஒரு மாதிரி ஆப் இருக்கிறதாம். அமுக்கினால் முன்பின் தெரியாத எவனோ வீடியோவில் வந்து நிற்பானாம். அவனைத் தள்ளிவிட்டால் அடுத்தவன். பிள்ளைகளிடம் நைசாகப் பேசி ஊர், பேர், பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் கறந்துவிடுவார்களாம். கேட்ட கையோடு மனுஷன் விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்துவிட்டார். பிரின்ஸி ஒரே மகள். எட்டாவது படிக்கிறாள். அவளுக்கு லேசாகத் தும்மல் வந்தாலே இவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். பயந்ததை நான் குற்றம் சொல்ல மாட்டேன். பயந்து போய்ப் போட்டார் பாருங்கள் ஒரு திட்டம், அதைத்தான் சொல்ல வேண்டும்.

மனைவி விண்ணரசி தையல் மெஷினை நிறுத்தாமலே கேட்டாள்.

"பூட்டினா?"

"பூட்டினா பாதுகாப்பு."

"பக்கத்து வீட்டு தஹ்மீனா மக ஹஃப்ஸாகிட்டயும் போன் இருக்கு. அதையும் வாங்கிப் பூட்டுவீங்களா?"

"அது அவங்க பாடு."

"பிள்ளைகிட்ட உக்காந்து பேசணுங்க. நான் பேசியிருக்கேன்."

"நீ பேசிக் கிழிச்ச! அவளும் உன்னை மாதிரி வெகுளி. எவனாவது ரெண்டு வார்த்தை நல்லாப் பேசினா எல்லாத்தையும் ஒப்பிச்சிருவா. அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள ஆதாரத்தோட நிரூபிக்கிறேன்."

"நிரூபிக்கலன்னா?"

"நீ சொல்றபடி கேக்குறேன்."

"அது என்ன புதுசா?" என்றாள் விண்ணரசி. மெஷின் தடதடவென்று ஓடியது.

ஆதாரம் வேண்டுமென்றால் உள்ளே இறங்கிப் பார்க்க வேண்டாமா? திங்கட்கிழமையே அந்த ஆப்பைத் தன் போனில் ஏற்றிக்கொண்டு, கொல்லையில் தேங்காய்க் குவியலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்.

முதலில் வந்தது ஒரு சீலிங் ஃபேன். ஐந்து நிமிஷம் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் வரவில்லை. அடுத்து ஒரு இளவட்டம். இவர் மீசையைப் பார்த்தான், காணாமல் போனான். அடுத்தவன் மீசை வரைக்கும்கூடப் பார்க்கவில்லை. அன்றைக்கு மட்டும் நாற்பது பேர் தள்ளிவிட்டார்கள். கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் முதல் வரிசையில் உட்காரவைத்து மரியாதை செய்யும் மனுஷனை, எங்கிருந்தோ வந்த பொடியன்கள் ஈ ஓட்டுகிற மாதிரி ஓட்டினால் ரோஷம் வராதா? புதன்கிழமை தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டார். வெள்ளிக்கிழமை பவுடரும் போட்டுக்கொண்டார். ஆதாரம் தேடப் போகிறவருக்குப் பவுடர் எதற்கு என்று என்னைக் கேட்காதீர்கள்.

சனிக்கிழமை மத்தியானம் விண்ணரசி, தைத்த பிளவுஸைக் கொடுக்கப் பிரின்ஸியையும் கூட்டிக்கொண்டு தஹ்மீனா வீட்டுக்குப் போனாள். வீட்டில் இவர் மட்டும். அந்த ஆப்பில் 'அருகில் இருப்பவர்கள்' என்று ஒன்று இருந்தது. அமுக்கினார். ஒரே ஒருவர் வந்தார். முகம் இல்லை, திரை இருட்டு. கீழே 'ஒரு கிலோமீட்டருக்குள்' என்று காட்டியது. எழுத்தில் ஒரு வரி வந்தது.

"வணக்கம் அண்ணே. கேமரா ரிப்பேர். நீங்க பேசுங்க, நான் எழுதறேன்."

தள்ளிவிடவில்லை! அதுவும் அண்ணே என்கிறான்! குழந்தைராஜ் அப்படியே உருகிப்போனார்.

"அட, நம்ம ஊர்க்காரரா! சாப்டாச்சா தம்பி?"

"ஆச்சுண்ணே. பின்னாடி தேங்கா மலையா குவிஞ்சிருக்கே. கொஞ்சம் காட்டுங்க."

இங்கேதான் ஒன்று சொல்ல வேண்டும். காங்கேயத்து எண்ணெய் மில்காரர்கள் வீடியோவில் கூப்பிட்டால் காயை மட்டும் காட்டினால் படியாது. தோப்பு, களம், லாரி வந்து நிற்கிற இடம் என்று முழுச் சுற்றுக் காட்டினால்தான் வியாபாரம். ஏழெட்டு வருஷப் பழக்கம். போனில் யாராவது 'காட்டுங்க' என்றால் போதும், குழந்தைராஜின் கால் தானாக நடக்கும். நடந்தது.

"இது களம். இது பின்கதவு. தாழ்ப்பா சரியா விழாது, லேசாத் தள்ளினாப் போதும். இது கூடம். அதோ பீரோ."

"வீட்டுச் சாவி தொலைஞ்சு போகாதாண்ணே?"

"எப்படிப் போகும்? மீட்டர் பெட்டி மேலயே இருக்கும்."

"வீட்ல யாரும் இல்லியா?"

"பக்கத்து வீட்டுக்குப் போயிருக்காங்க."

"பாப்பா எங்கே படிக்குது?"

பள்ளிக்கூடத்தின் பேரைச் சொன்னார். வகுப்பைச் சொன்னார். "காலையில எட்டே காலுக்கு வேன். ரோட்டு முனை வேப்பமரத்தடியில நிக்கும். கெட்டிக்காரப் பொண்ணு, தனியாவே போயிரும்."

"வீட்டம்மா?"

"பிளவுஸ் தைக்கிறா. துணியை அளவாத்தான் வெட்டுவா, நம்மளைத்தான் அளவில்லாம வெட்டுவா."

அடுத்த வரி படபடவென்று வந்து விழுந்தது.

"அண்ணே, உங்களுக்கு சுகர் இருக்கா?"

"இருக்கு. அதுக்காக நாக்கை அறுத்துப் போட முடியுமா தம்பி?" மறுபடி கொல்லைக்குப் போய், தேங்காய் மட்டைகளை விலக்கி ஒரு டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினார். "அசோகா அல்வா! திருவையாத்துலேர்ந்து வரவழைச்சது. வீட்டுக்குத் தெரியாது. யார்கிட்டயும் சொல்லிராதீங்க."

"சத்தியமா சொல்ல மாட்டேண்ணே. ஆனா ஒண்ணு. நான் யாருன்னு நீங்க கேக்கவே இல்லியே?"

"அட ஆமா! யாரு வீட்டுப் பிள்ளை தம்பி நீங்க?"

"வாசலுக்கு வந்து பாருங்க."

வந்தார். அல்வா டப்பா ஒரு கையில், போன் மறு கையில். வாசலில் விண்ணரசி போனோடு நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் பிரின்ஸி. பின்னால் தஹ்மீனா, துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றுக்கொண்டிருந்தாள்.

"ஆதாரம் கெடைச்சிருச்சுங்க," என்றாள் விண்ணரசி. "யாராவது நல்லாப் பேசினா எல்லாத்தையும் ஒப்பிக்கிற ஆளு ஒண்ணு இந்த வீட்டுல இருக்குன்னு நிரூபிச்சிட்டீங்க."

"நீ... நீ எப்படி அதுக்குள்ள வந்த?"

பிரின்ஸி சொன்னாள். "நேத்து உங்க போனை சார்ஜ்ல போட்டேன்பா. 'மூணு பேர் உங்களுக்காகக் காத்திருக்காங்க'ன்னு வந்துச்சு. உடனே அம்மாகிட்ட சொல்லிட்டேன். ஏதாவது ஒரு மாதிரியா இருந்தா மொதல்ல சொல்லணும்னு அம்மா சொல்லியிருக்காங்கல்ல? அம்மா தன் போன்லயும் அதை ஏத்தி, பக்கத்து வீட்டுலேர்ந்து 'அருகில் இருப்பவர்கள்'னு அமுக்கினாங்க, நீங்க வந்து நின்னீங்க."

"உனக்கு இந்த ஆப்பெல்லாம் தெரியுமா?"

"போன மாசம் டியூஷன்ல ஒரு பொண்ணு காட்டுச்சு. யாரோ ஒரு ஆளு வந்தான். 'எந்த ஸ்கூல் பாப்பா'ன்னான். பட்டுனு அணைச்சிட்டு வந்து அம்மாகிட்ட சொன்னேன். அம்மா அந்தப் பொண்ணு வீட்டுலயும் போய்ச் சொல்லிட்டாங்க."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க போனைப் பிடுங்கியிருப்பீங்க. அப்புறம் அடுத்த தடவை நான் யார்கிட்ட சொல்றது?"

குழந்தைராஜ் படியில் உட்கார்ந்துவிட்டார். எட்டே கால் மணி, வேப்பமரம், மீட்டர் பெட்டி. அந்தப் பக்கம் நிஜமாகவே வேறு எவனாவது இருந்திருந்தால்? மறு நிமிஷமே, தான் வாயைத் திறந்து கொட்டிய அதே கேள்விக்கு மகள் பட்டென்று போனை அணைத்தாளே என்று நினைத்ததும் மனசு பூரித்துப்போயிற்று. அவளை இழுத்து உச்சியில் முத்தம் வைத்தார்.

"நான்தாம்மா மக்கு. நீ என் ராசாத்தி."

"சரி சரி," என்று விண்ணரசி டப்பாவை வாங்கி, பிள்ளைக்கு ஒரு துண்டு, தஹ்மீனாவுக்கு ஒரு துண்டு கொடுத்துத் தானும் ஒரு வாய் போட்டுக்கொண்டாள். "நான் சொல்றபடி கேக்குறேன்னீங்களே. போனைக் குடுங்க."

கொடுத்தார். அம்மாவும் மகளும் தலையோடு தலை முட்டிக்கொண்டு கால் மணி நேரம் என்னவோ செய்தார்கள்.

மறுநாள் பூசை முடிந்து வந்து, கிரிக்கெட் பார்க்கலாம் என்று காலை நீட்டி உட்கார்ந்து போனைத் திறந்தார் குழந்தைராஜ். திரையில் எழுத்து வந்தது: 'பெற்றோரிடம் அனுமதி கேட்கவும்.'

"அம்மா! அப்பா போன் கேக்குறாங்க, தொறந்து விடலாமா?" என்று கத்தினாள் பிரின்ஸி.

அடுப்படியிலிருந்து பதில் வந்தது. "அரை மணி நேரம் மட்டும் குடு. அதுக்கு மேல பாத்தா பிள்ளைக்குக் கண்ணு கெட்டுப் போயிடும்."